மூக்குக்கு ஒரு விரல் முன்னால்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு என் மூக்கு உட்பட எல்லோரும் நலம். அங்கு நீங்களும், முழங்கால் வலி நீங்கலாகச் சம்பந்தி அம்மாளும், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. “பெண்ணை வளர்த்த லட்சணம் இதுதானா என்று நாலு பேர் கேட்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைக் கையோடு அழைத்துப் போகிறேன், நீங்கள் பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும்” என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் வலி மூக்கிலிருந்து நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. உங்களுக்கு இந்தச் செய்தியைச் சொன்னவள் என் தங்கை. எங்கள் குடும்பத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஆனால் ரேடியோவைத் திருகினால் நிற்கும், இவள் நிற்க மாட்டாள். “மருமக மாமனார் மூக்குலயே குத்திட்டா, ரத்தம் குடம் குடமா போச்சு” என்று சொன்னாளாம். என் உடம்பில் மொத்தமாகவே அவ்வளவு கிடையாது. நனைந்தது ஒரு கைக்குட்டை, அதுவும் துவைத்ததும் வெளுத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் பயணச்சீட்டு வாங்குங்கள்.

உங்கள் பெண் கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே வாரத்தில் சில மாலைகள் ஒரு வெள்ளை உடுப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். உங்களிடம் உடற்பயிற்சி என்று சொல்லியிருக்கிறாள், அது முழுப் பொய் இல்லை. எங்களிடம் கராத்தே என்றே சொன்னாள். சொல்லித்தருபவர் பணம் வாங்குவதில்லை என்றும், கோப்பை, போட்டி, விளம்பரம் எதுவும் கிடையாது என்றும் சொன்னாள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சும்மா கிடைப்பது எதுவும் சும்மா கிடைப்பதில்லை என்பது என் அனுபவம். விசாரித்தேன். அந்த மாஸ்டர் பகலில் பல் டாக்டராம். எல்லாம் விளங்கிவிட்டது. பல் உடைகிற இடமும் பல் கட்டுகிற இடமும் ஒரே ஆளுடையது. நான் காலமெல்லாம் சர்வேயராக இருந்தவன், யார் என்ன அளவு சொன்னாலும் நாடா பிடித்துப் பார்க்காமல் நம்பியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். கல்யாண மண்டபத்தில் உங்கள் பந்தலையே அளந்தவன் நான். ஆகவே இதையும் நேரில் பார்த்துவிடுவது என்று ஒரு மாலை நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கூடத்துக்குப் போனேன்.

போய் உட்கார நாற்காலி தேடினேன். மாஸ்டர் வந்து, “வேடிக்கை பாக்க இங்க நாற்காலி கிடையாதுங்க. நிக்கிறதுன்னா வரிசையில நில்லுங்க” என்றார். வந்துவிட்டோமே, திரும்பிப் போனால் மரியாதை இல்லையே என்று வரிசையில் நின்றேன். நின்றது நின்றதுதான் சம்பந்தி, ஆறு மாதம் ஆகிறது. பொது அலமாரியிலிருந்து ஒரு பழைய உடுப்பு கொடுத்தார்கள். அதன் கைகள் என் விரல் நுனிக்கு அப்புறமும் கொஞ்ச தூரம் போயின. வகுப்பு தொடங்கும் முன் எல்லோரும் ஈரத்துணியைத் தரையில் வைத்து, குனிந்தபடி ஓடி ஓடித் துடைக்க வேண்டும். பல் டாக்டரும் துடைக்கிறார், நான் எப்படி மாட்டேன் என்பது? இந்தச் சங்கதி எப்படியோ என் வீட்டுக்காரி காதுக்குப் போய்விட்டது. “ஊரான் கூடத்தைத் துடைக்கிற கைக்கு சொந்த வீட்டைத் துடைக்க என்ன கேடு?” என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடமும் என் பொறுப்பு.

அங்கே வயதுக்கு மரியாதை இல்லை. யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்கள் முன்னால். கடைசி ஆள் நான், எனக்கு முன்னால் சற்று முந்திச் சேர்ந்த தபால்கார அம்மா, அவருக்கு முன்னால் யார் யாரோ, எல்லோருக்கும் முன்னால் பிரவுன் பெல்ட் கட்டிக்கொண்டு உங்கள் பெண். புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பும் அவளுடையது. ஜோடியாகப் பயிற்சி செய்யும்முன் ஒருவரை ஒருவர் இடுப்பை வளைத்து வணங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் அவளுக்குக் குனிந்தேன். மாமனார் குனிகிறாரே என்று பதறி அவள் இன்னும் கீழே குனிந்தாள். சீனியர் குனியும்போது நான் நிமிர்ந்து நிற்கலாமா என்று நான் அதற்கும் கீழே போனேன். “ரெண்டு பேரும் தரையில எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்றார் மாஸ்டர்.

மறைக்காமல் எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் எனக்கும் அவளுக்கும் வீட்டில் பேச்சு என்றால் “மாமா, காபி”, “வச்சிட்டுப் போம்மா”, அவ்வளவுதான். எனக்கு என்ன கேட்பது என்று தெரியாது, அவளுக்கு என்ன சொல்லலாம் என்று தெரியாது. கூடத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் திரும்பி நடந்து வரும்போது பேச்சு வந்தது. “மாமா, குத்தும்போது உங்க பின்னங்கால் குதி தூக்குது.” “தூக்கலையேம்மா.” “தூக்குது மாமா, இங்க பாருங்க” என்று நடுத்தெருவில் நிறுத்திக் காட்டுவாள். பால் வாங்கப் போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இனி மூக்குக்கு வருகிறேன். ஜோடிப் பயிற்சியில் ஒருவர் அடியெடுத்து வைத்துக் குத்த வேண்டும். அந்தக் குத்து மேலே படக்கூடாது. “முஷ்டி மூக்குக்கு ஒரு விரல் முன்னால நின்னுடும். நம்பி நில்லுங்க” என்பார் மாஸ்டர். எனக்கு இந்த அளவில் முதல் நாளிலிருந்தே ஒப்புதல் இல்லை. யாருடைய விரல்? கட்டை விரலா, சுண்டு விரலா? அகலவாக்கிலா, நீளவாக்கிலா? இப்படி அளவு சொன்னால் எந்தப் பத்திரம் செல்லும்? போன வாரம் உங்கள் பெண் எனக்கு எதிரே நின்றாள், வணங்கினாள், குத்தினாள். இன்று பார்த்துவிடுவது, ஒரு விரலா ஒன்றரை விரலா என்று அளக்கத் தலையை நீட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. முஷ்டி அதன் எல்லையில் நின்றது, என் மூக்குதான் எல்லை தாண்டிப் போய் அதில் இடித்துக்கொண்டது. ஒரு சர்வேயர் செய்யக் கூடாத ஆக்கிரமிப்பு. உங்கள் பெண்மேல் இம்மியளவும் தப்பு கிடையாது.

மாஸ்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு, “பல்லா இருந்தா இங்கேயே பாத்திருப்பேன், மூக்கு நம்ம லைன் இல்லையே” என்று வருத்தப்பட்டார். அவரைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் அநியாயம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், “யாரு குத்துனது?” என்று கேட்டதற்கு நான், “என் மருமக” என்றேன். சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதனால் சத்தமாகவே சொல்லிவிட்டேன். காது வலிக்கு வந்து அதே வரிசையில் உட்கார்ந்திருந்தாள் ரேடியோ. அந்தக் காதுதான் இத்தனைக்கும் காரணம். எலும்பு உடையவில்லை, ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும் என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் வந்தது.

ஆனால் வீடு வீடாக இல்லை. உங்கள் பெண் பெல்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, “இனிமே போகல மாமா” என்றாள். அடுத்த மாதம் பிளாக் பெல்ட் பரீட்சை, அதுவும் வேண்டாமாம். தப்பு என்னுடையதுதான், அளக்கப் போய் மாட்டிக்கொண்டேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். என் முகத்தைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள், சட்டென்று திரும்பி உள்ளே போய்விடுவாள். என் மகன், “அப்பா சொல்றதும் சரிதான், அவ சொல்றதும் சரிதான்” என்றான். அவள் ஒன்றுமே சொல்லாதபோது இப்படித் தீர்ப்புச் சொல்ல அவனால்தான் முடியும். நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவள், “அப்பா வரட்டும் மாமா, நான் போறேன்” என்றாள். சம்பந்தி, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் நான் பழையபடி காபி வாங்கி வைத்துக்கொள்கிற மாமாதான்.

ஆகவே இன்று காலை மூக்கில் பிளாஸ்திரியோடு அந்த நீளக்கை உடுப்பை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தேன். “நீ வரலன்னா பரவால்லம்மா, நான் போறேன். எனக்கு ஜோடி இனிமே தபால்கார அம்மாதான். அவங்க போன வாரம் குத்துன குத்துல கூடத்துக் கதவையே பேத்துட்டாங்க” என்றேன். உங்கள் பெண் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதாள். பிறகு, “சாயந்தரம் நானும் வரேன் மாமா” என்றாள். என் வீட்டுக்காரி, “முதல்ல அந்த வேஷத்தைக் கழட்டிட்டு சாப்பிடுங்க” என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

எனவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், ஆனால் பெண்ணை அழைத்துப் போக வராதீர்கள், விருந்தாளியாக வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள். மன்னிப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், இங்கு அதற்கு வேலை இல்லை. சம்பந்தி அம்மாளின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் வீட்டில் சிறியவர்கள் எல்லோருக்கும் என் ஆசிகள், பெரியவர்களுக்கு என் வணக்கம், அதுவும் இப்போதெல்லாம் இடுப்பை நன்றாக வளைத்து.

தங்கள் அன்புச் சம்பந்தி.

பின்குறிப்பு: முகவரி சரியா என்று பார்க்கச் சொல்லி உங்கள் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் முழுக் கடிதத்தையும் படித்துவிட்டு, “மாமா, இதுல ஒண்ணு தப்பா இருக்கு. நீங்க தலையை நீட்டவே இல்ல” என்றாள். “நீட்டினேன்மா.” “நீட்ட நெனச்சிருப்பீங்க, அதுக்குள்ள பட்டுடுச்சு. எனக்குத்தான் நிறுத்த வரல. வேகமா போனா கை நிக்க மாட்டேங்குது. மாஸ்டருக்குத் தெரியும். நீங்க உங்க தப்புன்னு சொல்லச் சொல்ல எனக்கு வாயே வரல மாமா” என்றாள். ஆகவே மேலே எல்லை, ஆக்கிரமிப்பு என்று நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். ரேடியோ சொன்னதே சரி, குடத்தைத் தவிர. ஆனாலும் என் மனம் இப்போதுதான் லேசாக இருக்கிறது. என்னிடம் நேராக வந்து, நான்தான் குத்தினேன் என்று சொல்கிற அளவுக்கு இந்த வீட்டில் அவளுக்கு இடம் வந்துவிட்டது, இனி எதற்குப் பயம்? நிறுத்திப் பழக அவளுக்கு எதிரே அசையாமல் நிற்க ஓர் ஆள் வேண்டுமாம். நானே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணை மூட மாட்டேன், அவள் நிறுத்திவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது, எதற்கும், கொஞ்சம் பஞ்சு வாங்கி வாருங்கள்.