குடிக்காதவன் கையில் கட்டிய கயிறு

புதுவாயல்,
வியாழக்கிழமை

அன்பு மச்சான் தணிகாசலத்துக்கு, உன் அக்காள் புருஷன் பூவராகவன் எழுதுவது. இங்கே என் கல்லீரலைத் தவிர மற்ற எல்லோரும் நலம். திருவாலங்காட்டில் நீயும் உன் வீட்டாரும் நட்ட நாற்றும் நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்காதே. நான் போனை எடுத்தாலே உன் அக்கா திலகவதி பக்கத்தில் வந்து நிற்கிறாள், எந்தக் கூட்டாளியோடு பேசுகிறேன் என்று பார்க்க. அதனால் கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காரோடு வரச்சொல்லி உனக்குத் தகவல் வந்திருக்கும். என்னை ஏற்றிக்கொண்டு போய்க் குடியை மறக்கடிக்கும் மையத்தில் சேர்ப்பதற்காம். மச்சான், உன் கல்யாணத்தன்று மாடியில் பாட்டில் திறந்தபோது நான் கீழே பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தேன். நீயே சாட்சி.

நடந்தது இதுதான். கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி ஒரு மருத்துவ முகாம் வைத்தது, வீட்டுக்காரிகளுக்கும் சேர்த்து. நானும் திலகமும் போய், வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவவிட்டு ஸ்கேன் எடுத்துக்கொண்டோம். பெண்கள் ரிப்போர்ட் பிறகு வரும் என்றார்கள். என்னுடையதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த நர்ஸம்மா, அத்தனை பேர் வரிசையில் நிற்க, "பூவராகவன் சார், லிவர்ல கொழுப்பு ஏறிக்கினு இருக்குது, குடிய நிறுத்துங்க" என்று மைக் இல்லாமலே ஊருக்கு அறிவித்துவிட்டார். நான் குடிப்பதே இல்லை என்றேன். வரிசையே சிரித்தது. திலகம் மட்டும் சிரிக்கவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குடியால் கல்லீரல் கெட்டு உங்கள் அப்பா வயிறு வீங்கிப் படுத்திருந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்தானே? நீ அப்போது சின்னப் பையன். 'குடிக்காத மாப்பிள்ளை' என்ற ஒரே தகுதிக்காகத்தான் இந்தக் கருவாட்டு நிறத்தானைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு தகுதியையும் ஒரு ஸ்கேன் மெஷின் பிடுங்கிக்கொண்டால் நான் எங்கே போவேன், சொல்லு!

போன வெள்ளிக்கிழமை என்னை அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள், குடியை விடுவதற்குக் கயிறு கட்ட. பூசாரி, "டெய்லி எத்தினி குவாட்டரு?" என்றார். "சாமி, நான் குடிக்கிறதே இல்ல." "இங்க வர்றவன் எல்லாம் அத்தத்தான் சொல்லிக்கினு வர்றான்" என்று இழுத்துக் கட்டிவிட்டார். மறுநாள் ஸ்டோர்ஸில் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு நம்ம ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாஸ்கருக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. "இன்னாண்ணே, இத்தினி வருசமா ஒண்ணா வேலை செய்றோம், ஒரு நாளாச்சும் கூப்டியா? தனியா குட்சிக்கினு இருந்துக்கிறியே" என்று மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. குடிக்காததற்கு ஒரு கயிறு, கூப்பிடாததற்கு ஒரு கோபம். என்ன பேஜாருடா இது!

கடைசியில் டாக்டரம்மா கவிப்பிரியாவைப் போய்ப் பார்த்தேன். தங்கமான பெண். "சார், குடிக்காமலும் வரும். லிவர்ல இருக்கிற ஒவ்வொரு செல்லும் உங்க ஸ்டோர்ஸ் மாதிரி. கொழுப்பு உள்ள வரும், எரிஞ்சு வெளிய போவணும். பொம்பளைங்க உடம்புல ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் இருக்கு. அது கூடவே நின்னு, சேக்காத, எரின்னு சொல்லிக்கினே இருக்கும். ஆம்பளைக்கு அது கம்மி. ஆம்பளை ஹார்மோனும் வயசாகி தொப்பை விழுந்தா குறையும், உள்ள ஸ்டாக் தேங்கிடும். பரோட்டாவ விட்டுட்டு நடங்க" என்றார். பெண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பிறகு அந்தக் காவல் போய்விடும் என்று இன்னும் ஏதோ சொன்னார். நான் முதல் பாதியைக் கேட்டதுமே சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு ஓடி, "திலகம், எல்லாம் ஹார்மோன்! உனக்குக் காவல் இருக்கு, எனக்கு இல்ல" என்றேன். "குடிக்கிறதுக்கு ஹார்மோன் வேற சாக்கா?" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். தம்பியிடம் எழுதக்கூடாதுதான், மன்னித்துக்கொள்: "உனக்கு அது நின்னுடுச்சா இல்லியா?" என்று விளக்கம் கேட்டுவிட்டேன், பக்கத்து வீட்டுச் செண்பகம் மாவு வாங்க வந்து நிற்பதைப் பார்க்காமல். கரண்டி பறந்தது. அன்றிலிருந்து தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். குடிகாரன் என்று ஊர் சொல்லட்டும் மச்சான், எனக்கொன்றும் இல்லை. அவள் நம்பவில்லை என்பதுதான் தாங்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ காரில்லாமல் வா. வந்து இந்த ஹார்மோன் கதையை உன் அக்காவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லு. நீ சொன்னால் கேட்பாள்.

குழந்தை பூமிகாவுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் எல்லோருடைய கல்லீரலும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கயிறு கட்டிய கையால்,
பூவராகவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் மறந்துவிடு. உறையை ஒட்டப் போகும்போது உன் அக்காவின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பு எனக்கு முதல் நிலை, அவளுக்கு இரண்டாம் நிலை! வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுத்தேன். படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எத்தினி குவாட்டரு?" என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்து, "ஏங்க, நான் எதையும் தொட்டதில்லன்னு நீங்களாச்சும் நம்புவீங்களா?" என்றாள். நானும் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன் மச்சான். "நம்புறேன் திலகம்" என்றேன். டாக்டரம்மா சொன்னதை இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன், அவளும் முழுசாகக் கேட்டாள். சாயங்காலம் செண்பகத்திடம், "குடிச்சாத்தான் வரும்னு யாருடி சொன்னது? எல்லாம் ஹார்மோன்" என்று அவளே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து நடக்கப் போகிறோம். நல்ல நேரம் பார்த்துக் கையை நீட்டி, "அப்போ இந்தக் கயித்த அவுத்துடலாமா?" என்றேன். முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "இருக்கட்டுங்க, எதுக்கும்" என்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள் என்பதால், நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.