பதிமூன்றாம் வாய்ப்பாட்டைக் கடைசி இடத்தில் போடுங்கள்

மதிப்பிற்குரிய ‘வௌவால்’ இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பத்தொரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். தாங்களும், தங்கள் அலுவலகத்தில் கறுப்பு உடையில் பணிபுரியும் அனைவரும் நலமாக இருக்க விழைகிறேன். நம் மொழியில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர், பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர். தவறைத் திருத்துவது இருவருக்கும் பொது வேலை என்பதால் இப்படி ஒரே பெயர் வைத்தார்களோ என்னவோ. அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள். கோதிக் ராக் பாடல்களை வேறொருவர் எடுத்துத் தன் பாணியில் பாடும் ‘கவர்’களில் மிகச் சிறந்தது எது, மிக மோசமானது எது என்று தங்கள் வாசகர்கள் இப்போது வாக்களித்து வருகிறார்கள் அல்லவா? அந்தப் பன்னிரண்டு பதிவுகளில் ஏழாவதாக ‘பெயர் தெரியாத பாடகர்: பதிமூன்று’ என்று போட்டிருக்கிறீர்களே, அந்தப் பெயர் தெரியாதவன் நான்தான். என்னை மிக மோசமானவனாக அறிவித்துவிடுங்கள்.

இது தன்னடக்கம் இல்லை. இப்படிச் சொல்லி ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்டதால் முதலிலிருந்தே விளக்கிவிடுகிறேன்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என்னோடு அறையில் தங்கியிருந்தவர் எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். பகலெல்லாம் விசிலும் கையுமாகத் துள்ளிக்கொண்டிருப்பார், மாலை ஆனதும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரே கேசட்டைப் போடுவார். கல்லறை, மழை, வௌவால், போனவள் திரும்ப மாட்டாள். ‘கோதிக்’ என்றதும் தலையைக் கோதிக்கொண்டே பாடுவது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன், கேசட் அட்டைப் படத்தில் அவர்கள் தலையைப் பார்த்த பிறகு சீப்பே படாதவர்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வாய்ப்பாடுவரை ஓடி வந்து பதிமூன்றில் மூச்சு வாங்கி நின்றார்கள். எந்த மெட்டிலும் உட்காரவில்லை. கல்லறைப் பாட்டின் மெட்டோ ஆமை வேகம், ஒரு வரி முடிவதற்குள் ஒரு பெருக்கலை யோசித்தே சொல்லிவிடலாம். ஆகவே வரைபடங்கள் வைக்கும் இருட்டறையில் உடற்பயிற்சி ஆசிரியர் மேசையில் டஸ்டரால் தட்ட, ஜலதோஷம் பிடித்த என் தொண்டையால் பதிமூன்றாம் வாய்ப்பாட்டை அந்த மெட்டில் பாடிப் பதிவு செய்து வகுப்பில் ஆளுக்கொரு கேசட் கொடுத்தோம். பதிமூன்று ஏழுக்கு வரும்போது தலைமையாசிரியர் கதவைத் திறந்தார். கதவு கிறீச்சென்றது. நான் பயத்தில் ‘எண்பத்தொன்று’ என்று பாடிவிட்டேன். அடுத்த வரியில் நூற்றுநான்கு என்று சரியாகவே போனதால் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

சென்ற மாதம்வரை நிம்மதியாக இருந்தேன். எங்கள் குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர் என் பழைய மாணவர், இப்போது காதோரம் நரைத்துவிட்டது. அளவு எடுத்துவிட்டு, முனகலாக ஒரு பாட்டுப் பாடி, “எம்பத்தொண்ணு டைல்ஸ் சார்” என்றார். எத்தனை வரிசை என்று கேட்டேன்.

“பதிமூணு, ஏழு வரிசை.”

“அப்ப தொண்ணூத்தொண்ணுல்லப்பா?”

“விளையாடாதீங்க சார். நீங்களே பாடிக் குடுத்தது.” போனை எடுத்துக் காட்டினார். வீடு மாற்றும்போது அகப்பட்ட கேசட்டைப் போன வருடம் இணையத்தில் ஏற்றினாராம். என் குரல் என் குளியலறையிலேயே எதிரொலித்து, கதவு கிறீச்சிட்டு, எண்பத்தொன்று என்றது. தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். மனிதர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ என் மச்சான் என்னை ஏமாத்தலையா சார்?”

டைல்ஸ் கடை வைத்திருப்பவர் அவர் மனைவியின் அண்ணன். இந்தப் பக்கத்துக் குளியலறைகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, பதிமூன்றுக்கு ஏழு. ஒவ்வொரு முறையும் எண்பத்தொன்று வாங்கி, ஒவ்வொரு முறையும் பத்துக் குறைந்து, பெட்டியில் குறைத்துப் போடுகிறான் என்று முடிவுகட்டி, பதினோரு வருடமாக மச்சானோடு பேச்சில்லை. வேறு கடையில் வாங்கினாலும் பத்துக் குறைந்ததே என்றேன். “எல்லாரும் கூட்டுன்னு நெனச்சேன் சார்” என்றார். ஐயா, முப்பத்தொரு ஆண்டில் எத்தனையோ பேருக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன், ஒரு குடும்பத்துக்கே போட்டது அன்றுதான் தெரிந்தது.

இது போதாதென்று சனிக்கிழமை மதியம் தங்கள் வாசகர்கள் இருவர் வீடு தேடி வந்தார்கள். ஒருவர் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண், உதட்டில் கறுப்புச் சாயம். மற்றவர் பேருந்து ஓட்டுநர், தரைவரை தொங்கும் கறுப்புக் கோட்டு, படியில் மிதித்து இரண்டு முறை தடுக்கினார். அந்தப் பதிவை இணையத்தில் ஏற்றிய டைல்ஸ்காரரிடம் விலாசம் வாங்கினார்களாம்.

“சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த எம்பத்தொண்ணு வேணும்னு பண்ணதுதானே?”

“இல்லம்மா. தப்பு.”

“பாத்தீங்களா அண்ணே, எவ்ளோ அடக்கம்!”

“அடக்கம் என்ன அடக்கம். நான் அப்பவே சொல்லல? அது தப்பு. கவர்லயே மோசமான கவர்” என்றார் ஓட்டுநர். எனக்கு உயிர் வந்தது.

“மோசமா? பத்து எண்ணு காணாமப் போகுதுண்ணே! பத்து உயிரு! அந்தக் கதவுச் சத்தம் கேக்கும்போது எனக்கு முடி நட்டுக்குது.”

“உனக்கு எப்பவுமே நட்டுக்கிட்டுதான் இருக்கு.”

“ஒங்க கோட்டுக்கு என் முடி தேவல.”

என் மனைவி காப்பியோடு வந்திருக்காவிட்டால் கைகலப்பாகியிருக்கும். அவர்கள் போட்டிப் பதிவுகள் பன்னிரண்டையும் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். பொறுமையாகக் கேட்டேன், விடைத்தாள் கட்டுகளைவிட இது எளிது. ஒருவர் பேருந்தைத் தவறவிடப் போகிறவர் போல ஓடுகிறார். ஒரு பெண் அழுகிற அழுகையில் வார்த்தையே புரியவில்லை, என் வகுப்பாக இருந்தால் அரை நாள் விடுப்புக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அக்கா தங்கை இருவர் வெறும் ஒற்றைக் கிதாரோடு, சத்தமே போடாமல் பாடியது ஒன்று. கேட்டு முடித்ததும் என் மனைவி இன்னொரு தடவை போடச் சொன்னாள். ஓட்டுநர் கோட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. தமிழில் ‘கவர்’ என்றால் பறித்துக்கொள் என்றும் பொருள், மனத்தை இழு என்றும் பொருள். நல்ல கவர் பறித்ததை வைத்துக்கொண்டு நம்மை இழுக்கும். மோசமானது பறித்ததோடு நின்றுவிடும். அந்த அக்கா தங்கை முதல் வகை. நான் மெட்டைப் பறித்தேன், கூடவே பத்தையும் பறித்தேன். ஓர் உதாரணம்: முத்து முத்தான கையெழுத்து, அழகான ஓரக்கோடு, விடை மட்டும் தப்பு. அந்தத் தாளுக்கு என்ன மதிப்பெண் போடுவீர்கள்? நானும் அதையேதான் கேட்கிறேன்.

என் மனைவியோ கட்சி மாறிவிட்டாள். “முப்பத்தொரு வருஷம் கத்துனீங்க, ஒருத்தர் கை தட்டல. இப்ப தட்டுறாங்க. தட்டட்டுமே, ஒங்களுக்கு என்ன வலிக்குது?” என்கிறாள். வலிப்பது எங்கே என்றால், மிகச் சிறந்த கவரை இசைத்தட்டாக ஐந்நூறு பிரதி போடப்போவதாகத் தங்கள் இதழில் படித்தேன். ஐந்நூறு எண்பத்தொன்றுகள்! எத்தனை வீட்டில் எத்தனை மச்சான்கள் பேசாமல் போவார்கள்?

டைல்ஸ்காரர் நேற்று மச்சான் கடைக்குப் போனார். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் கூட்டிப்போனார், தப்புச் செய்தவன் என்ற முறையில் நானும் போனேன். “மச்சான், எண்ணிக்கைத் தப்பு என்னோடதுதான்” என்றார். மச்சான் பில் புத்தகத்தை மூடிவிட்டு, “முதல் வருஷமே எனக்குத் தெரியும்டா. சொல்ல வந்தப்பல்லாம் எங்க வாத்தியாரே சொல்லிக் குடுத்ததுன்னு சண்டைக்கு வந்த. வாத்தியாரைத் தப்புன்னு எப்படிச் சொல்றது?” என்றார். அவருக்கு என்னை யாரென்று தெரியாது. தெரிந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதில் உட்கார எனக்குத்தான் மனம் வரவில்லை. மைத்துனர்கள் இருவரும் பதினோரு வருடப் பேச்சை ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் ஓரமாக நின்று தொண்ணூற்றொரு டைல்ஸை இரண்டு முறை எண்ணினேன்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் கருணை கூர்ந்து என்னைக் கடைசியில் தள்ளி, அந்த அக்கா தங்கையை இசைத்தட்டில் ஏற்றும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழ் பல்லாண்டு இருண்டு விளங்கட்டும். உதவியாளர்கள் அனைவருக்கும் என் ஆசிகள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஆசிரியர்
(பெயர் தெரியாதவராகவே இருக்கட்டும்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு மருந்துக்கடைப் பெண் போனில் சொன்ன செய்தியால் உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மிகச் சிறந்த கவரும் மறுபக்கத்தில் மிக மோசமான கவரும் வருமாமே! மோசம் என்றாலும் ஐந்நூறு பிரதிதான் என்றால் நான் இவ்வளவு எழுதியது எதற்கு? மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடுங்கள். பதிமூன்று ஏழு தொண்ணூற்றொன்று என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, என்னை முதல் பக்கத்திலேயே வையுங்கள். என் மனைவி உறவுக்காரர்கள் பன்னிரண்டு பேரை வாக்களிக்க வைத்துவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து பதிமூன்றாவதாக வந்த வாக்கு யாருடையது என்பதை மட்டும் வெளியிட வேண்டாம்.