பிரளயம் அக்காவின் ஏழு கடைசி நாட்கள்

ஜவ்வாது மலையில் நான் டீச்சராக இருந்த மூன்று வருடத்தில் உலகம் ஏழு முறை அழிந்தது. ஏழு முறையும் நான் காவலூரில்தான் இருந்தேன். ஏழு முறையும் தேதி குறித்தவர் பக்கத்துப் போர்ஷன் பிரளயம் அக்கா.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும். தொழில், கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போடுவது. ஸ்கூட்டியின் முன்னால் டிபன் கேரியரை வைத்து, அதில் சாம்பாருக்குப் பதில் மெஹந்தி கோன்களை அடுக்கிக்கொண்டு, மலைக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்குவார். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு விஷயங்களில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை: உலகம் சீக்கிரம் அழியப்போகிறது, அதற்குள் போடுகிற கொடி கோணலாக இருக்கக் கூடாது.

தேதி எங்கிருந்து கிடைக்கும் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கொஞ்சம் செல்போன் வீடியோ, கொஞ்சம் பஞ்சாங்கம், மீதி அவருடைய சொந்தக் கணக்கு. முடிவானதும் சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி மெஹந்தி கோனால் வட்டம் போடுவார். வட்டத்தோடு நிற்குமா? சுற்றி எட்டு இதழ் பூ, இதழுக்கு இதழ் புள்ளி, நாலு மூலைக்கும் மாங்காய். உலகம் அழிவதற்கு இவ்வளவு அலங்காரமாக யாரும் நாள் குறித்திருக்க மாட்டார்கள்.

அந்த நாள் வந்து, போய், மறுநாள் பால்காரர் மணி அடித்தால் அக்கா கொஞ்சமும் வெட்கப்பட மாட்டார். "தள்ளி வச்சிருக்காங்க டீச்சர்" என்பார், ஏதோ காலாண்டுப் பரீட்சையைத் தள்ளி வைத்ததுபோல. பெரிய தொலைநோக்கி இருக்கிற ஊரில் குடியிருப்பது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. வானாய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுப் பெண்ணுக்கு மெஹந்தி போடப் போனபோது, "வானத்துலேந்து கல்லு எதுனா வருதா சார்?" என்று நேராகவே கேட்டிருக்கிறார். "வந்தா எங்களுக்குத்தானேம்மா மொதல்ல தெரியும்" என்று அவர் சிரித்திருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது: "பாத்தியா, அவருக்குத் தெரியுமாம். சொல்ல மாட்டேங்கறாரு."

படவேட்டில் ஒரு கல்யாணம். உலகம் அழிந்து இரண்டு நாள் கழித்து முகூர்த்தம். அக்கா பெண்ணின் அம்மாவிடம் பொறுப்போடு எடுத்துச் சொன்னார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "பந்திக்கு ஆளுங்கள சொல்லியாச்சு. அழியறதா இருந்தா சாப்ட்டுட்டு அழியட்டும், நீ கைய நீட்டச் சொல்லி போடு" என்றாராம். அக்காவுக்கு அந்த அம்மாளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மெஹந்தி போட மூன்று மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரம் இரண்டு கையும் உபயோகமில்லாமல் போனால் எந்தப் பெண்ணுக்கும் வாய் தானாகத் திறந்துவிடும். வருகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இந்த வட்டாரப் பெண்கள் அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் அக்காவிடம் சொன்னார்கள். அதிலிருந்து அவர் ஒரு சாஸ்திரமே உண்டாக்கி வைத்திருந்தார். மயில் கேட்கிற பெண்ணுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை மேல் கண். கட்டம் கட்டமாக வலை கேட்கிறவளுக்கு அரசாங்க உத்தியோகம் வேண்டும். மாங்காய் கேட்டால் அம்மா பேச்சைத் தட்டாதவள். "உள்ளங்கையில சும்மா ஒரு வட்டம் போதும்கா" என்கிற பெண் ஏற்கெனவே யாரையோ முடிவு செய்துவிட்டாள், வீட்டுக்குத்தான் இன்னும் தெரியாது. இது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்தக் காலத்தில் நானும் செல்போனில் மேட்ரிமோனி பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்துப் பெண் ஆயிற்றே, முதலில் பேசிப் பழகிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று வீட்டில் வீரம் பேசியிருந்தேன். காவலூரில் பேசிப் பழகுவது என்றால் ஆலங்காயம் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்வதுதான். அதற்கும் முன் சீட்டில் தெரிந்த பெரியம்மா ஒருத்தர் இருப்பார். எனக்குப் பதினோரு நிபந்தனைகள் இருந்தன. உயரம், தனிக்குடித்தனம், குறட்டை விடக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, இப்படி. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இன்னா டீச்சர், மாப்ள பாக்கறியா, ஃபிரிட்ஜ் வாங்கறியா?"

"உங்களுக்கு எத்தனை நிபந்தனைக்கா?"

"எனக்கு இன்னாத்துக்கு? வர்ற பதினாலாம் தேதி எல்லாம் முடிஞ்சிடுது" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

அந்தப் பதினாலாம் தேதிக்கு முன்னால்தான் மாட்டு டாக்டர் வந்தார். வீட்டுச் சொந்தக்காரரின் பசுவுக்கு ஊசி போட வந்தவர். "டாக்டர் இல்லைங்க, கால்நடை ஆய்வாளர்" என்று எல்லாரையும் திருத்துவார், யாரும் திருந்த மாட்டார்கள். சத்தம் போடாத, மெலிந்த மனிதர். அன்று வாசலில் அக்கா ஒரு பெண்ணின் முழங்கை வரை கொடி இழுத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்து நின்றவரின் சட்டையைப் பசு பாதி நக்கி முடித்துவிட்டது. அடுத்த வாரம் வீட்டுக்காரர் மூலமாகப் பெண் கேட்டார்.

அக்கா மறுக்கவில்லை. "பதினாலாம் தேதி உலகம் அழியுதுங்க. அதுக்கப்புறம் வாங்க, பேசலாம்" என்றார்.

மனிதர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்குத் துவைத்த சட்டையோடு வாசலில் நின்றார். "வந்துட்டேங்க" என்றார். அக்கா ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்து அடுத்த தேதியைச் சொன்னார். அதற்கு மறுநாளும் மனிதர் வந்தார். மூன்றாவது முறையும் அப்படியே. ஒவ்வொரு முறையும் உப்புமா சாப்பிட்டார், பசுவைப் பார்த்தார், அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு போனார். என் பதினோரு நிபந்தனைகளில் இப்படி ஒன்றை எழுத எனக்குத் தோன்றவே இல்லையே என்று வயிறு எரிந்தது.

அடுத்து, அவருக்குச் செங்கம் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அக்காவின் காலண்டரில் உலகம் ஞாயிற்றுக்கிழமை அழிவதாக இருந்தது. மறுநாள் காலை வருவார், அக்கா இன்னொரு தேதி சொல்வார், அவர் பஸ் ஏறிவிடுவார். அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. "அந்த மனுசன் மூணு தடவ வந்தாருக்கா. நீங்க பண்றது நியாயமே இல்ல" என்று கத்திவிட்டேன். அக்கா கோன் சுருட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார்.

"எனக்கு ஒருக்கா நாள் குறிச்சாங்க டீச்சர். மருதாணி எல்லாம் வச்சி ரெடியா குந்தினு இருந்தேன். மாப்ள வூட்டுக்காரங்க வரல. மலை மேல போய் பொண்ணு எடுக்கறதான்னு யாரோ சொல்லிட்டாங்களாம். கல்யாணம் நின்னு போச்சு, கையில இருந்தது போவல. தேச்சித் தேச்சிப் பாத்தேன். பதினெட்டு நாளு இருந்துச்சு."

"அதுக்கப்புறம் யாரு நாள் குறிச்சாலும் பயமா கீது. நானே குறிச்சிக்கினா, எது நின்னாலும் நான் சொன்ன நாள்ல நிக்குது. அவ்ளோதான்."

மூன்று வருடம் அவரை ஒரு வேடிக்கையாகவே பார்த்துவிட்டேன் என்று எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்கும் அந்த மாட்டு டாக்டரைப் பிடித்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சுருட்டி முடித்த கோனையே பிரித்துப் பிரித்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. உலகம் அழிகிற நாட்களில் அக்கா வீடு கழுவி, பாத்திரம் கவிழ்த்து, கேஸை மூடி, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கு வாசலில் பைக் சத்தம். மாட்டு டாக்டர் ஒரு பையோடு இறங்கினார்.

அக்கா எழுந்துவிட்டார். "இன்னாங்க, நாளைக்குத்தான வருவீங்க?"

"மறுநாள் வந்தா நீங்க வேற தேதி சொல்லிட்றீங்க" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "அதான் இன்னிக்கே வந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் இருக்கேங்க. அழிஞ்சா இங்கியே அழிஞ்சிட்டுப் போறேன். அழியலன்னா பேசிட்டுப் போறேன்."

பையைத் திறந்தார். உள்ளே இரண்டு பேருக்குப் புளிசாதம், வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். அன்று கேஸ் மூடியிருக்கும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அக்கா கவிழ்த்து வைத்த பாத்திரங்களிலிருந்து இரண்டு தட்டை எடுத்துக் கழுவினார். பிறகு இன்னொன்றையும் எடுத்து, "டீச்சர், நீயும் வா" என்றார். நான் போகவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷமாக அழுதேன்.

அடுத்த மாதம் படவேடு கோயிலில் கல்யாணம். நாள் குறித்தவர் மாட்டு டாக்டரின் அண்ணன். அக்கா அந்தத் தேதியைச் சுற்றிப் பூ எதுவும் போடவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பகலில், கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டுக் கையில் ஒரு கோனைக் கொடுத்தார்.

"நீதான் போடணும்."

"எனக்குப் போர்டுல நேர்கோடே வராதுக்கா."

"கோணலாவே போடு. யாரு பாக்கப் போறா."

போட்டேன். அரை மணி நேரத்தில் என் வேலைப்பாட்டுக்குப் பதினெட்டு குறை சொன்னார். "அது இன்னா, பாம்பா?"

"கொடிக்கா."

"எலிய முழுங்கிட்டு படுத்துக்கினு கீது."

மாப்பிள்ளையின் பெயரைக் கொடிக்குள் ஒளித்து வைத்து, அவரையே தேடச் சொல்வது கல்யாண வீடுகளில் ஒரு விளையாட்டு. பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். அக்கா கையைப் பார்த்தபடி, "வேணாம் டீச்சர். அவரு எதையும் தேட வேணாம்" என்றார்.

வெளியே வண்டி வந்து நின்றது. இன்னும் ஆகலையா என்று யாரோ கேட்டார்கள். செங்கம் என் சொந்த ஊர்ப் பக்கம்தான், லீவுக்குப் போனால் பார்க்கலாம்தான். ஆனால் நாளைக் காலை பக்கத்துப் போர்ஷனில் பூட்டு தொங்குமே. இந்தக் கையை முடித்தால் அக்கா எழுந்து போய்விடுவார் என்பதால், தேவையே இல்லாத இடத்தில் எல்லாம் இலை வைத்துக்கொண்டே இருந்தேன். குறை சொல்லாமல் ஒரு வரி பேசாத அந்த மனுஷி, அதற்கு மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை.