மூன்றாவது படத்துக்கு நாலாவது இடமா?

பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. இதை ஒரு சட்டமாகவே கொண்டுவந்தாலும் தப்பில்லை என்பேன். பஜ்ஜி, கேசரி, காபி, "பொண்ணு பாடுமா?", "பாடாதுங்க", கும்பிடு, கார்க் கதவைச் சாத்துகிற சத்தம். இவ்வளவோடு முடிந்துவிட்டால் எந்தப் பெண்ணும் லட்சணமாகவும் அடக்கமாகவும்தான் தெரிவாள். ஒரு மணி நேரம் என்னால்கூட அடக்கமாக இருக்க முடியும். ஒரு வாரம் முழுக்க இருக்கச் சொன்னால்?

என்னை இருக்கச் சொன்னார்கள். நடந்ததற்குப் பழியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "பொண்ணு பாக்க வந்தவன அருவாள எடுத்துக்கினு தொரத்தனவ இவதான்" என்று யாராவது ஒருத்தர் புது மருமகளுக்கு என்னைக் காட்டிக்கொடுக்கிறார்கள். அது அருவாள் இல்லை. மரவள்ளிக் கிழங்கு நறுக்குகிற கத்தி. தொரத்தவும் இல்லை, அந்த வீட்டில் தொரத்த இடமும் கிடையாது.

அப்பா அப்போது கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில், தேனும் கடுக்காயும் வாங்குகிற கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். எங்களுக்குச் சொந்த ஊர் கீழே, கள்ளக்குறிச்சிப் பக்கம். சங்கராபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும், மலையில் குடியிருக்கிற நம்மை நாகரிகம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று அப்பாவுக்கு ஒரு பயம். கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு கலர் டி.வி.யையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் மலைக்குத் தூர்தர்ஷன் வெறும் புள்ளிமழையாகத்தான் வரும். அதனால் கேசட்டும் வேண்டும். "நல்ல குடும்பப் படமா நாலு குடுங்க" என்று கேட்டிருக்கிறார். முகூர்த்த சீசன், குடும்பப் படமெல்லாம் வெளியே போய்விட்டது என்று கடைக்காரர் ஒரே வரிசையில் நாலு கேசட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த நாலும் 'சூறாவளிச் சூரன்' படங்கள். எந்த நாட்டில் எடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் "அடேய் பாதகா!" என்று நாடகத் தமிழ் பேசினார்கள். முதல் படத்தில் சூரனுக்குச் சூறாவளியின் சக்தி வருகிறது. இரண்டாவது, பனிமங்கை என்ற வேறொருத்தியின் கதை. கடைசியில் சூரன் வந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் பறந்துபோவான். மூன்றாவதில் சூரன் ஒரு ஊரைக் காப்பாற்றத் தன் சக்தி முழுவதையும் கொடுத்துவிட்டு, யாருக்கும் அடையாளம் தெரியாமல் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைவான். நாலாவதில் சூரன், பனிமங்கை, நாம் அதுவரை பார்த்தேயிராத இன்னும் ஏழெட்டுப் பேர் எல்லோரும் சேர்ந்துகொண்டு வேற்றுக் கிரகத்துக்காரர்களை அடித்து நொறுக்குவார்கள்.

மாப்பிள்ளையின் பெயர் கருணாகரன். சங்கராபுரத்தில் அரசாங்க ஆபீசில் இளநிலை உதவியாளர். கூட அவருடைய அம்மா. அந்த அம்மாளின் அண்ணன், அதாவது மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், திருக்கோவிலூரில் ரைஸ்மில் வைத்திருக்கிறவர். மூன்று பேரும் வாடகைக் காரில் வந்தார்கள், பார்த்தார்கள், சாப்பிட்டார்கள். நான் குனிந்த தலை நிமிரவில்லை. (மாப்பிள்ளையின் மீசையைக் காபித் தம்ளரின் பளபளப்பில்தான் பார்த்தேன்.) "ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்" என்று கிளம்பிவிட்டார்கள். எல்லாம் சுபம்.

அரை மணி நேரம் கழித்து நான் பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பழைய புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர்கள் தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போன பஜ்ஜிகளைக் காலி செய்துகொண்டே, "அந்த மீசைய பாத்தியாம்மா, ஷூ தொடைக்கற பிரஷ் மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலையே பார்த்தாள். மீசை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"ரோட்டுல பெரிய பெரிய மரமா அறுத்துப் போட்டுட்டாங்க சார்" என்று டிரைவர் அப்பாவிடம் சொன்னார். "மறியலாம். கீழ ஒரு வண்டி நவுரல. எப்ப வுடுவாங்கன்னு யாருக்கும் தெரியல."

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த காலம் அது. கேட்டவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவர்களுக்கு அவர்கள் நியாயம் இருந்தது. கீழே நடந்தது விளையாட்டும் இல்லை. உயிர்கள் போயின என்று பிறகுதான் தெரிந்தது. மலைமேல் இருந்த எங்களுக்கு அப்போது தெரிந்ததெல்லாம், பஸ் இல்லை, பேப்பர் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் போகவில்லை என்பதுதான்.

இரண்டே அறை இருக்கிற குவார்ட்டர்ஸ். கூடத்தில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள், காரில் டிரைவர். மாப்பிள்ளை என் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு நடமாடினார். அப்பா கீழேயிருந்து வாங்கிவந்திருந்த காய்கறி தீர்ந்துபோய், காலையில் மரவள்ளிக் கிழங்கு, மத்தியானம் சாமைச் சோறு, சாயங்காலம் மறுபடியும் மரவள்ளிக் கிழங்கு என்று ஓடியது. டி.வி.யையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வழி இல்லை. கரண்ட் இருக்கிறபோதெல்லாம் சூரன்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. முடிந்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து.

கல்யாணம் நிச்சயமாகாத பெண் மாப்பிள்ளையோடு கூடத்தில் உட்கார்ந்து படம் பார்க்கக் கூடாதாம். நான் சமையல்கட்டில் இருந்தேன். கதவிடுக்கு வழியாக டி.வி.யின் இடது பாதி மட்டும் தெரியும். முதல் சுற்றில் எல்லாப் படத்தையும் இடது பாதியாகப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் அம்மிக்குப் பக்கத்தில் இடம் மாறி உட்கார்ந்து வலது பாதியைப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் இரண்டையும் மனசுக்குள்ளே ஒட்டிக்கொண்டேன். உலகத்தில் எந்த ரசிகையாவது இப்படி உழைத்திருப்பாளா?

மாப்பிள்ளையின் அம்மா முதலில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டுதான் இருந்தார். பனிமங்கை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கை வெக்காத ரவிக்கய போட்டுக்கினு பனியில நிக்குதே அந்தப் பொண்ணு, சளி புடிக்காது?" என்று ஒவ்வொரு தடவையும் கவலைப்பட்டார்.

வினையை ஆரம்பித்து வைத்தவர் அந்தத் திருக்கோவிலூர் மாமாதான். ஒரு சாயங்காலம், நாலாவது படம் முடிந்து டெக்கில் கேசட் திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"மாப்ள, நாலுல எது ஒசத்தி? வரிசையா சொல்லு, பாக்கலாம்."

கருணாகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிரமோஷனுக்கு ஆள் எடுக்கிற மாதிரி ஒரு தோரணை. "நாலாவது படம் ஃபர்ஸ்ட்டு மாமா. அதுலதான் ஆளுங்க ஜாஸ்தி, சண்ட ஜாஸ்தி. ரெண்டாவது எடம் மொதல் படத்துக்கு. மூணாவது பனிமங்க."

"மூணாவது படம்?"

"கடைசி. அதெல்லாம் ஒரு படமா மாமா? இருக்கற பவர வுட்டுட்டு ரொட்டி சுட்டுக்கினு ஒக்காந்திருக்கறான். இவன் இன்னா ஹீரோ?"

நான் அப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த மூன்றாவது படத்தில் ஓர் இடம் வரும். சூரன் காப்பாற்றிய அதே ஊர்க்காரன் ஒருவன் கடைக்கு வந்து, ரொட்டி கருகிவிட்டது என்று அவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்துவிட்டுப் போவான். சூரன் ஒன்றும் சொல்லாமல் குனிந்து அதைப் பொறுக்கிக்கொள்வான். மூன்று சுற்றிலும் அந்த இடத்தில் நான் அடுப்புப் புகைமேல் பழியைப் போட்டுவிட்டு அழுதிருக்கிறேன். அதற்கு நாலாவது இடமா? எழுந்து எப்போது கூடத்துக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. கத்தி கையில் இருந்ததும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"அவன் பவர வுடலீங்க. ஊருக்காகக் குடுத்தான்" என்றேன்.

கூடத்தில் எல்லோரும் டி.வி.தான் பேசிவிட்டது போல முதலில் டி.வி.யைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க படம் பாத்தீங்களா?" என்றார் கருணாகரன்.

"மூணு வாட்டி."

"சமயக்கட்டுலேர்ந்தா? அங்கேர்ந்து பாதிதான தெரியும்?"

"ரெண்டு பாதியும் பாத்தேங்க. நாலாவது படத்துல பத்து பேரு வராங்க, ஒருத்தருக்காச்சும் உருப்படியா ஒரு வேல இருக்குதா? நின்னுக்கினு மொறைக்கறாங்க, அவ்ளோதான். அதான் கடைசி. மூணாவதுதான் மொதல்ல. அப்புறம் பனிமங்க. அப்புறம் மொதல் படம்."

"பொம்பள பறக்கறதுக்குத் தனியா ஒரு படமே ஜாஸ்தி" என்றார் அவர், மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

வாயால் சொன்னால் இந்த மனிதருக்குப் புரியாது, அந்த ரொட்டிக்கடைக் காட்சியைப் போட்டே காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். (கத்தி இன்னும் கையில்தான்.) டெக்கை அதுவரை நான் தொட்டதே இல்லை. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த கேசட்டைப் பிடுங்கி, மூன்றாவதைத் திணித்து, கைக்கு அகப்பட்ட பொத்தானை எல்லாம் அமுக்கினேன். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். சூரனின் மூஞ்சி ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு போனது. டெக்கின் வாயிலிருந்து கறுப்பு நாடா இடியாப்பமாக வெளியே வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் கருணாகரன். "டெக்குக்கே புடிக்கல."

இந்த இடத்தில்தான் நான் அதைச் சொன்னேன். யாரும் என்னிடம் கேட்காததை, கத்தியை அவர் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு சொன்னேன்.

"பவரு போனப்பறமும் அவன்கிட்ட ஒரு மனுசன் மிச்சம் இருந்தான்ங்க. ஒங்க ஆபீசு வேலய எடுத்துட்டா ஒங்ககிட்ட இன்னா மிச்சம் இருக்கும்? அந்த மீசதான!"

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா எழுந்து ஓடிவந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக டெக்குக்குப் போய், "ஐயயோ, வாடக கேசட்டாச்சே!" என்று நாடாவைக் கைகளில் அள்ளிக்கொண்டார். கருணாகரன் சுவரோடு ஒட்டி நின்றார். மாமா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, கடைசியில் டிரைவர் வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

அதற்கப்புறமும் பாதை திறக்கவில்லை. இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன். மாப்பிள்ளையை அவமானப்படுத்தினால் அவர் வெளியேற வேண்டும், அதுதான் முறை. ஆனால் இங்கே அதே மாப்பிள்ளைக்கு அதே ராத்திரி அதே கிழங்கை நானே பரிமாற வேண்டியிருந்தது. அவர் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். கிழங்கு நன்றாக வேகவில்லை. அதைச் சொல்லக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

மரங்களை அகற்றிவிட்டார்கள் என்று ஒருவழியாகச் செய்தி வந்தது. டிரைவர் காரைக் கிளப்பினார். கருணாகரன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவருடைய அம்மா என்னைத் தனியாகப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன்.

"பனிமங்கய ஏன் ரெண்டாவதா வெச்ச?" என்றார். "அதான் மொதல்ல வரணும். அவன்கிட்ட சொல்லிக்கினு இருக்காத."

"பொண்ணு வேண்டாம்" என்று தகவல் வந்தது. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, பொங்கல் கழிந்து அந்த மாமா மட்டும் தனியாக மலையேறி வந்தது. "எம் பையன் மில்ல பாத்துக்கறான். வூட்ல யாரும் அவன எதுத்துப் பேசறதில்ல, அதான் கெட்டுப்போயிட்டான். ஒம் பொண்ண குடு" என்று அப்பாவிடம் கேட்டார். பையனும் வந்தார். பார்த்தார். சூறாவளிச் சூரன் பார்த்திருக்கிறீர்களா என்று நானே கேட்டுவிட்டேன். "எனக்குப் படம்னாலே தூக்கம் வந்துடும்ங்க" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே சம்மதித்தேன்.

ஆனால் கல்யாண மேடையில் ஏறிய பிறகுதான் நான் மாட்டிக்கொண்டது புரிந்தது. கருணாகரன் என் கணவருக்கு அத்தை மகன். கணவருக்கு மாமன் மச்சான் முறை என்றால் எனக்கு? அண்ணன். என்னைப் பெண் பார்க்க வந்தவர், என் கையால் வேகாத கிழங்கு தின்றவர், எனக்கு அண்ணன்! "தங்கச்சின்னு கூப்புடுடா" என்று அவருடைய அம்மா அத்தனை பேருக்கு முன்னால் அவர் முதுகில் தட்டினார். அவர் கூப்பிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு விசேஷம் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இதோடு விட்டதா? எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. என் மகனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டுமே. கருணாகரன் மடியில்தான் உட்காரவைத்தார்கள். அழுகிற பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிற சாக்கில் சூரன் கதையை ஆரம்பித்தவர் அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. நான் பெற்ற பிள்ளை, எனக்கு முன்னாலேயே, "நாலாவதுதாம்மா ஃபர்ஸ்ட்டு" என்று சொல்கிற அளவுக்குக் கெடுத்துவைத்தார். யார் வீட்டு விசேஷமானாலும் சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு, "மூணாவது படம் எத்தினாவது எடம்?" என்று யாராவது ஒரு பொடிசு குரல் கொடுக்கும். பந்தி முழுக்க எங்கள் வாயையே பார்க்கும். என் கணவர் மட்டும் பாயசத்தைப் பார்ப்பார்.

கருணாகரன் அண்ணன் இப்போது ரிட்டயர்டு. என் மகன் எங்கேயோ தேடிப் பிடித்து அந்த நாலு படத்தையும் அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். போன மாசம் எனக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, மூணாவது படத்த நேத்து மறுபடி போட்டுப் பாத்தேன்."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"ஆபீசு இல்ல. காலையில எழுந்தா போறதுக்கு எடம் இல்ல. அந்த நெலமையில ஒக்காந்து பாத்தேன். அந்த ரொட்டிய பொறுக்கறான் பாரு... அது வேற மாதிரி இருக்குதும்மா."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எத்தனை வருஷச் சண்டை! பாவம், வயசான மனிதர், தோற்றதை ஒப்புக்கொள்ளப் போகிறார், நாமும் பெருந்தன்மையாக இருந்துவிடலாம் என்று குரலை இளக்கிக்கொண்டு, "அப்ப இப்ப எத்தினாவது எடம்ண்ணே?" என்று கேட்டேன்.

நன்றாக யோசித்தார். பைலைப் புரட்டுகிற மாதிரி யோசித்தார்.

"மூணாவது" என்றார்.

மூணாவதாம்! ஒரே ஒரு படி! போனை வைத்துவிட்டு அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மூன்றாவது படம் மூன்றாவது இடத்துக்கு வந்தால் பனிமங்கை நாலாவதுக்குப் போயிருக்க வேண்டும். உடனே அவருடைய அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எண்பதைத் தாண்டிய அந்த அம்மாள் இன்னமும் மகனோடு பேசவில்லை.