தன்னழிவுக்கு மதிப்பெண்

1998-ஆம் ஆண்டு, கெட்ட பையன்கள் தங்களைத் தாங்களே எந்த அளவுக்குக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று அறியும் ஆவல் கல்கத்தாவிலிருந்த ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு ஏற்பட்டது. அந்த வேலை, ஆராய்ச்சி அலுவலர் ஜம்புநாதன் தலையில் விழுந்தது. நல்லபடி முடித்தால் மெட்ராஸுக்கு மாற்றல் என்று டைரக்டர் சேஷாத்ரி வாக்களித்திருந்தார்.

மொத்தம் நாற்பது கேள்விகள். சாப்பிடாமல் இருப்பதுண்டா, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதுண்டா, ஓடும் மினிபஸ்ஸில் தொங்குவதுண்டா, எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நினைப்பதுண்டா? ஒவ்வொரு 'ஆம்'க்கும் ஒரு மதிப்பெண். பெஹாலா பக்கத்துச் சிறுவர் இல்லத்தில் ஐம்பது கெட்ட பையன்களும், கரியாஹாட் பக்கத்துப் பள்ளியில் ஐம்பது நல்ல பையன்களும் பெயர் போடாமல், எண் மட்டும் போட்ட ஃபாரங்களைப் பூர்த்தி செய்தார்கள். நல்லவர்களில் ஜம்புநாதனின் மகன் நரேனும் ஒருவன்.

கூட்டிப் பார்த்த ஜம்புநாதனுக்கு வியர்த்துவிட்டது. கெட்டவர்களின் சராசரி நான்கு. அங்கே மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம். தொங்குவதற்குப் பஸ் கிடையாது. நல்லவர்களின் சராசரி முப்பத்தொன்று. பதினேழாம் எண் வாங்கியது முப்பத்தெட்டு. அந்தக் கோணல் கையெழுத்து அவருக்குத் தெரியும். லாயக்கில்லாதவனா என்ற கடைசிக் கேள்விக்கு 'ஆம்' போதாதென்று, 'தினமும்' என்று எழுதியிருந்தது. ஃபாரங்களை அள்ளிக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனார்.

"சார், பசங்களுக்கு ஏதோ சரியில்லே."

"ஃபாரம்தான் சரியில்லே, ஓய். நல்ல பையன் ஏன் சாப்பிடலே?"

"இன்ஜினீயரிங் ஜாயிண்ட் என்ட்ரன்ஸுக்குப் படிக்கறான்."

"அப்போ அது புலனடக்கம். தூங்கலேன்னா உழைப்பு. பஸ்ல தொங்கறது?"

"டியூஷனுக்கு லேட்டாயிடும்னு."

"நேரந்தவறாமை. எல்லாத்தையும் கழிச்சிடும்."

"லாயக்கில்லேன்னு தினமும் நினைக்கறானே?"

"தன்னடக்கம். அந்த வயசுல எத்தனை பேருக்கு வரும்?"

"இல்லத்துப் பசங்க?"

"ஒன்பது மணி நேரம் தூங்கறானா? வாழ்க்கையில பிடிப்பே இல்லேன்னு எழுதும்."

ஜம்புநாதன் பேனாவை மூடினார். "பதினேழு என் பையன், சார்."

"அப்படியா, சந்தோஷம். உம்ம மெட்ராஸ் ஆர்டர் டைப் ஆயிண்டிருக்கு."

ஜம்புநாதன் பேனாவைத் திறந்தார்.

திருத்திய அறிக்கையின்படி ஒழுக்கத்தில் பதினேழாம் எண்ணுக்கே முதலிடம். வந்த சான்றிதழைச் சட்டம் போட்டு ஜம்புநாதனின் லேக் மார்க்கெட் வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். மாடி வீட்டு போஸ் பாபு 'பாலோ சேலே', நல்ல பிள்ளை என்று வங்காளியில் சொல்லி நரேனின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எதிர்வீட்டு நாகலட்சுமி மாமிக்குத்தான் பொறுக்கவில்லை.

"எங்க மகேஷ் எட்டு மணி நேரம் தூங்கறான், மூணு வேளையும் சாப்பிடறான். ஏதாவது வழி சொல்லப்படாதா?"

ஜம்புநாதன் உள்ளே பார்த்தார். நரேனின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே மத்தியானச் சாப்பாடு மூடி வைத்தபடியே இருந்தது.

"முதல்ல ஒரு வேளையைக் குறைங்கோ," என்றார்.

மாமி எழுதிக்கொண்டாள்.