இடமிருந்து மூன்றாவதாக ஆடியவர் குறித்து

மர்பி டவுன், பெங்களூரு
வியாழக்கிழமை

அன்புள்ள மச்சான் உத்தமனுக்கு,

ஜெயராமன் எழுதிக்கொள்வது. இங்கு நான் ஒருவன் இருக்கிறேன், நலம். அங்கு நீயும் ராஜலக்ஷ்மியும், உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் உன் அக்கா எல்லம்மாவும் நலமென்றே நம்புகிறேன்.

உன் அக்கா எனக்குத் துரோகம் செய்துவிட்டாள். முந்நூறு பேர் முன்னால், முகத்தை மூடிக்கொண்டு செய்தாள். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் உன்னிடம் கதையை வேறு முனையிலிருந்து ஆரம்பித்திருப்பாள். போனில் பேசலாமென்றால் வழியில்லை. அவள் எடுப்பதில்லை. உன் எண்ணுக்குப் போட்டால் ராஜலக்ஷ்மி எடுத்து, "அண்ணா, அக்கா குளிக்கிறாங்க" என்கிறாள். காலையில் குளிக்கிறாள், மத்தியானம் குளிக்கிறாள், விளக்கு வைத்த பிறகும் குளிக்கிறாள். நாலு நாளாக ஒரு மனுஷி குளிப்பாளா? லிங்கராஜபுரத்தில் தண்ணீர் லாரி வராமல் குடம் நனையாது என்று புலம்புகிறவன் நீதானே? அதனால்தான் கடிதம். தபாலில் போட்டால் நாலு கிலோமீட்டருக்கு நாலு நாள் ஆகும் என்பதால் பக்கத்து வீட்டு பிரகாஷ் ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததைக் கேள். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது உனக்குத் தெரியும். அதன் பிறகு எந்த வாத்தியாரும் இல்லாமல், ஷிப்டு முடிந்து வந்து, நூலகத்திலும் பழைய பேப்பர் கடையிலும் தேடித் தேடி இந்த தேசத்தின் கிராமிய நடனங்களைப் பதினான்கு நோட்டுகளில் எழுதி வைத்தவன் நான். பிஹு என்றால் அஸ்ஸாம், லாவணி என்றால் மகாராஷ்டிரா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். சாவ் நடனத்தில் புருலியாவுக்கு முகமூடி உண்டு, மயூர்பஞ்சுக்கு இல்லை என்று யார் சொல்வார்கள்? நான் சொல்வேன். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தே ஊரைச் சொல்வேன். இதை என் மகள் வீணா எங்கேயோ பெருமையாகச் சொல்லப் போய், வைட்ஃபீல்டில் அவள் இருக்கும் அபார்ட்மெண்டில் கலைவிழா நடத்துகிற ஸ்னேஹா என்ற பெண் எனக்குப் போன் செய்து, "அங்கிள், ஒவ்வொரு டான்ஸுக்கும் முன்னாடி ரெண்டு லைன் சொல்லணும், நீங்கதான் வரணும்" என்றாள். நானாகப் போய்க் கேட்கவில்லை. அவர்களாகத்தான் மைக்கைக் கொடுத்தார்கள்.

ரெண்டு லைனில் எதைச் சொல்வது? பிஹுவுக்குப் பதினோரு நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல். டொள்ளு குணிதா ஆடிய பையன்களிடம், இது பீரலிங்கேஸ்வரர் கோயிலில் ஆடு மேய்க்கும் குருபர்கள் ஆடுவது, இடுப்பில் டொள்ளு மேளத்தைக் கட்டிக்கொண்டு இப்படி செல்ஃபி எடுக்கக் கூடாது என்றேன். அதற்கும் கைதட்டல். பாங்க்ரா ஆடியவர்களின் ஸ்போர்ட்ஸ் ஷூவைச் சுட்டிக்காட்டினேன், சிரித்தார்கள். ஸ்னேஹா வந்து காதில், "அங்கிள், ப்ளீஸ், ஷார்ட்டா" என்றாள். முன் வரிசையில் ஒரு பெரியவர் "ஹோக்லி பிடி சார்" என்று விட்டுவிடச் சொன்னார். தப்பைத் தப்பென்று சொல்லத்தானே கூப்பிட்டார்கள், எப்படி விடுவது?

பிறகு கூமர். ராஜஸ்தான், பீல் பழங்குடி மக்களிடமிருந்து வந்தது. பன்னிரண்டு பெண்கள், பெரிய பாவாடை, முகம் தெரியாமல் முக்காடு. சுற்றிச் சுற்றி வந்தார்கள். இடமிருந்து மூன்றாவதாக ஆடிய அம்மாள் என் கண்ணை உறுத்தினாள். ஆட்டம் நடக்கும்போதே மைக்கை எடுத்து, "மூன்றாவது அம்மாவின் இடது காலைக் கவனியுங்கள். தரையை உரசுகிறது, தாளத்துக்கு அரை அடி பின்னால் விழுகிறது, உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. இந்தக் காலில் ராஜஸ்தானே இல்லை. இதை வைத்துக்கொண்டு கூமர் ஆடினால் அந்த நடனத்துக்கே அவமானம்" என்றேன். சபையே சிரித்தது. அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் சுற்றி வந்தவள் மோத, அவள்மேல் அடுத்தவள் மோத, மூன்று பாவாடைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அப்போதுதான் அவள் முக்காட்டைத் தூக்கினாள்.

"ஏங்க, எல்லா ஊர்க் காலும் தெரியும்னீங்களே. இது எந்த ஊர்க் காலு, சொல்லுங்க" என்றாள் உன் அக்கா.

நீயே சொல், உத்தமா. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தினமும் மெட்ரோவில் வைட்ஃபீல்டு போகிறவள், அங்கே மொட்டை மாடியில் ஒரு மாதமாகக் கூமர் பழகுகிறாள் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? வீட்டில் தைல வாசனை. என்னவென்று கேட்டால் மூட்டுவலி என்றாள். கட்டின புருஷனிடம் பொய். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்க முடியுமா? "யாராக இருந்தாலும் கால் தப்புதான்" என்றேன். மைக் ஆனில் இருந்தது. அவள் அந்தப் பாவாடையோடேயே இறங்கி நடந்து, மெட்ரோ ஏறி, பையப்பனஹள்ளியில் ஆட்டோ பிடித்து உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீணா என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, உங்களுக்குக் காட்டணும்னுதான் அம்மா ஆடினாங்க" என்றாள். எனக்குக் காட்டுவதற்கு முகத்தை எதற்கு மூட வேண்டும்?

ஆகவே, செய்ய வேண்டியவை. எல்லம்மா என்னிடம் மறைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், தலையாட்டினால் போதும். வீணா குடும்பக் குரூப்பில் போட்ட வீடியோவை எடுத்துவிட வேண்டும். ஸ்னேஹா இனிமேல் முகம் மூடி ஆடுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே மைக் பிடிப்பவரிடம் தர வேண்டும். நீ ஞாயிற்றுக்கிழமை உன் அக்காவை இங்கே கொண்டுவந்து விட வேண்டும். நான் வரமாட்டேன். நியாயம் என் பக்கம் இருக்கும்போது நான் ஏன் வர வேண்டும்?

நீயும் ராஜலக்ஷ்மியும் குறைவில்லாமல், நோய்நொடி அண்டாமல், தண்ணீருக்கும் தட்டில்லாமல் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,

உன் மாமா,
மு. ஜெயராமன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு, நான் சொன்னது சரிதான் என்று உனக்குக் காட்ட ஒன்பதாம் நோட்டில் கூமர் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுவது என் வழக்கம். 14.9.1996, சனிக்கிழமை. அன்றைக்குத்தான் தெருக்குழாயில் இருந்து ரெண்டு குடத்தோடு வரும்போது உன் அக்கா வழுக்கி விழுந்தாள். வாசலில் இருந்து கூப்பிட்டாள். "இதோ வரேன், ஒரு வரி பாக்கி" என்றேன். நீ வந்து அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். இடது கால். அன்றைக்கு உள்பக்கம் திரும்பியது நேராகவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன், உத்தமா. பாதியில் நிற்கவில்லை. கடைசி வரை, நல்ல கையெழுத்தில், முழுசாக எழுதியிருக்கிறேன்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. அவளிடம் படித்துக் காட்டாதே. அடுத்த மாதம் அந்தக் கூமர் பெண்களை மறுபடி ஆடச் சொல்லியிருக்கிறார்களாம். மைக் பக்கம் போக மாட்டேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நானே வருகிறேன். நீ கதவைத் திற. ராஜலக்ஷ்மி ஒன்றே ஒன்று செய்யட்டும், அந்த நேரத்தில் மட்டும் அக்காவைக் குளிக்க அனுப்ப வேண்டாம்.