பிரிஞ்சி சாரின் தொட்டி மரம்

திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு மலையை நிமிர்ந்துகூடப் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் தெரு பிரிஞ்சி சார்தான். எந்தெந்த தேசத்திலிருந்தோ விமானம் ஏறி வந்து அந்த மலையைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். இவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மண்தொட்டியில் இடுப்புயரம் நிற்கும் ஒரு பிரிஞ்சி மரத்தின் இலைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

வேங்கிக்காலில் ஓர் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆசிரமத்துப் பக்கம், என் வீட்டுக்கு எதிர்மாடியில் ஒற்றை அறை. பக்கத்து அறைக்குக் குளிர்காலம்தோறும் ஓர் இத்தாலிக்கார அம்மா வந்து தங்குவார். அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும் அளவுக்குத்தான் வரும். சாயங்காலமானால் எதிரெதிரே உட்கார்ந்து அந்த டீயைக் குடிப்பார்கள். சாருடைய மொத்தச் சொந்தபந்தமும் அந்த ஒரு டம்ளர்தான்.

மரம் அந்தம்மா ஊட்டி நர்சரியில் வாங்கி வளர்த்தது. ஒரு வருஷம் ஊருக்குக் கிளம்பும்போது, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் வருவதற்குள் மரம் செத்துவிடக் கூடாது. அன்றிலிருந்து சாருக்கு வேறு கவலை கிடையாது.

எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, மரத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு, இவர் மொட்டை வெயிலில் நிற்பார். செதில் பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல ஒவ்வோர் இலையாகத் துடைப்பார். குரங்கு வந்தால்கூட மரியாதைதான். "போங்க, போங்க. இது நம்மளுது இல்ல" என்பார்.

சார் தினமும் சாப்பிடும் மெஸ்ஸை நடத்துகிற அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார். "சார், நாளைக்கு பிரியாணி. ரெண்டு இலை கிள்ளிக் குடுங்களேன்."

"அடுத்தவங்க பொருள்மா. நான் எப்படிக் குடுக்கறது?"

"அவங்க எங்க சார் இனிமே வரப்போறாங்க?"

"வருவாங்க" என்றார். அந்த வாரம் முழுக்க அவருக்கு மட்டும் குருமா கம்மி.

ஒரு பௌர்ணமி சாயங்காலம் மாடியில் அனல் தாங்காமல் தொட்டியைக் கீழே இறக்கி, கேட்டோரம் வைத்து, பக்கத்தில் துண்டோடு உட்கார்ந்துவிட்டார். மரத்தைக் கவனித்த மும்முரத்தில் சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. கிரிவலக் கூட்டம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். பௌர்ணமியன்று எங்கள் ஊரில் தாடி வைத்தவர் ரோட்டோரம் சும்மா உட்காரக் கூடாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பெண்கள் கும்பல் ஒன்று நின்றது.

"இது என்ன மரம் சாமி?"

"ஒரு அம்மா குடுத்துட்டுப் போனது. மறுபடியும் வருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

போதாதா? ஒருத்தி தொட்டிக்குக் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி, வழியில் லிங்கத்துக்கு ஊற்ற வைத்திருந்த பாலை அப்படியே வேரில் ஊற்றினாள். பால் வேரை அழுக வைத்துவிடுமே என்று பதறிய சார், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை அலசினார்.

"சாமி அபிஷேகம் பண்றாருடி" என்றாள் ஒருத்தி. தொட்டியின் அடி ஓட்டையில் ஒழுகிய தண்ணீருக்குக் கைகள் குவிந்தன. பின்னால் வரிசை வளர்ந்தது.

"ஐயோ, தீர்த்தம் இல்லமா. உரம் போட்ட தண்ணி, குடிக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட, அவர்களும் கும்பிட்டார்கள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நான், ஒருவழியாகப் போய்த் தொட்டியை மாடியேற்ற ஒரு கை கொடுத்தேன். மேலே போனதும் மனுஷன் மண்ணைக் கிளறி வேரை முகர்ந்து பார்த்தார். "செத்துட்டா அவங்களுக்கு என்ன சார் பதில் சொல்றது?" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மரம் சாகவில்லை. பாதி இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்த்தது. அந்தம்மாதான் வரவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் சார் தொட்டிக்குப் புதுச் செம்மண் பூசிக் காத்திருப்பார். போன குளிர்காலத்தில் அந்தம்மாவிடமிருந்து போன் வந்தது. முட்டியில் ஆபரேஷனாம், இனிமேல் பயணம் கூடாதாம், மரத்தை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாராம்.

சார் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினார். மெஸ் அக்காவே என்னிடம் கேரியர் கொடுத்தனுப்பினார், குருமா ஜாஸ்தியாகவே இருந்தது. கொண்டுபோனால், "வச்சுட்டுப் போங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. பிறகு ஒருநாள் தொட்டியைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"நீங்க வச்சுக்குங்க சார்."

"ஏன், நீங்களே வச்சுக்கலாமே?"

"காவலுக்கு இருந்தவனே எடுத்துக்கிட்டா நல்லாருக்குமா? ஆபீஸ்ல கூட நான் அப்படிப் பண்ணது இல்ல." சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்காமல் இலையைத் துடைத்தார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக என் கேட் திறந்தது. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பால்காரரைத் தவிர அந்தக் கேட்டைக் காலையில் யாரும் தொட்டதில்லை. சார் நேராகத் தொட்டிக்குப் போய் மண்ணில் விரலை விட்டார்.

"ஈரம் இருக்கே, எதுக்கு மறுபடியும் ஊத்தினீங்க? வேர் அழுகிடும் சார்" என்று என்னைத் திட்டினார். நான் காபி போட்டேன். மறுநாளும் வந்தார், திட்டினார், குடித்தார். இப்போது அது தினப்படி ஆகிவிட்டது.

மேல் மண் காய்ந்திருந்தால் ஊற்ற வேண்டும், ஈரமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். வித்தை அவ்வளவுதான். எனக்கு அது எப்போதோ பிடிபட்டுவிட்டது. ஆனாலும் அவர் வரும்போதெல்லாம், "இன்னைக்கு ஊத்தலாமா வேணாமானு ஒண்ணும் புரியல சார்" என்றுதான் சொல்கிறேன்.